சக்கரத்தின் மேல் ஒரு கறுப்புப் பட்டை



குருமனையின் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, பழைய வாகனக் காகிதங்களுக்கு நடுவே ஒரு ரசீது கிடைத்தது. “நான்கு சக்கரம், கறுப்பு ஸ்டிக்கர், ரூ. 3,500” என்று எழுதியிருந்தது. கிழித்துப் போடலாம் என்று எடுத்தவன், ஏனோ மேசையின் மேலேயே வைத்துவிட்டேன். நான் இந்தச் சேகரத்துக்கு வருவதற்கு முன் நடந்த காரியம் அது. உங்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்த வாரத்துக்கென்று வேறொரு தியானத்தை எழுதி வைத்திருந்தேன். அது அடுத்த வாரம் வரட்டும்.

நீங்கள் மலையடிவாரத்து மக்கள். உப்புக்காற்று என்ன செய்யும் என்பதை நீங்கள் அதிகமாய்க் கண்டிருக்க மாட்டீர்கள். நான் முன்பு ஊழியம் செய்த சேகரம் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் இருந்தது. சாலையின் இருபுறமும் பாத்திகள். பனையோலை வேய்ந்த உப்புக் குவியல்கள். ஈர உப்பை ஏற்றிச் செல்லும் லாரிகள். லாரியிலிருந்து சொட்டும் நீர் சாலைப் பள்ளங்களில் தேங்கி நிற்கும். அவ்வழியே போகும் எந்த வண்டியும் அந்த நீரைத் தன் அடிவயிற்றில் வாரி இறைத்துக்கொண்டுதான் போக வேண்டும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் ஆண்டுக்கு ஒருமுறை வண்ணம் கேட்டன. மிதிவண்டிச் சங்கிலிகள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை.

2016 ஆம் ஆண்டில், ஐந்து வருடம் ஓடியிருந்த ஒரு வெள்ளைக் காரை அங்கே வாங்கினோம். சேகரத்தில் ஏழு கிளைச் சபைகள். ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆராதனைகளை நடத்த இருசக்கர வாகனம் போதவில்லை. அந்த வண்டி எத்தனையோ பிரசவத்துக்கும் எத்தனையோ அடக்க ஆராதனைக்கும் போயிருக்கிறது. அதைப்பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்று ஒன்று வந்தது நான்காம் ஆண்டில். இடது பின் சக்கரத்தின் மேல் வளைவில், விரல் நகம் அளவுக்கு வண்ணம் உப்பியிருந்ததை என் துணைவியார்தான் முதலில் கண்டார்கள். “அம்மை கொப்புளம் மாதிரி இருக்கிறது” என்றார்கள். நான் அதை விரலால் அழுத்தினேன். உடைந்து, உள்ளே செங்கல் பொடி போலத் துரு உதிர்ந்தது.

சக்கரத்தின் மேலுள்ள அந்த வளைவு ஒரு காரின் மிகவும் பரிதாபமான இடம். சக்கரம் கல்லையும் மணலையும் சேற்றையும் ஓயாமல் அதன்மேல் எறிகிறது. வெளித்தகடும் உள்தகடும் அந்த விளிம்பில்தான் மடித்து இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த மடிப்புக்குள் சேறு போய் அமர்ந்துகொண்டால் எளிதில் வெளியே வராது. கோடை வெயிலிலும் உள்ளே ஈரம் காயாது. அந்த ஈரத்தில் உப்பும் கலந்திருந்தால் இரும்பு விரைவாய் அரிக்கப்படும். இரும்பு துருவாகும்போது தான் முன்பிருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவேதான் மேலே உள்ள வண்ணம் உப்புகிறது. நாம் வெளியே ஒரு கொப்புளத்தைக் காணும் நாளில், உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஒரு டிங்கரிங் மேஸ்திரி. அறுபது வயதைத் தாண்டியவர், நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். வண்டியின் கீழே படுத்து, திருப்புளியின் பின்புறத்தால் வளைவு முழுவதையும் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு ‘டங்’ என்றது. சில இடங்களில் ஓசையே வரவில்லை.

“நான்கு பக்கமும் இருக்கிறது ஐயா. பின்னால் இரண்டும் அதிகம். செத்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பிறகு பட்டி, பிரைமர், பெயின்ட். பதினெட்டாயிரம் ஆகும். பத்து நாள் வண்டி இங்கே நிற்க வேண்டும்.”

“வெட்டாமல் செய்ய முடியாதா?” என்று கேட்டேன்.

“துரு மேல் பட்டி பூசித் தரட்டுமா? ஆறு மாதம் நன்றாக இருக்கும்” என்றார். அவர் சிரித்தாரா என்று எனக்கு நினைவில்லை.

நான் யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்பது எங்கள் வீட்டில் பணம் இல்லை என்பதற்கு மறுபெயர். யோசனை இரண்டு ஆண்டுகள் நீண்டது. கொப்புளங்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் பழுப்பு நிற ஓரமாக மாறின. அப்போது 2022 இல் எங்கள் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள். ஆலய வாசலில் அவர்களுடைய வண்டிகளின் வரிசையில் என் வண்டியும் நிற்கும் காட்சியை மனதில் கண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். போதகருக்கு அந்த வெட்கம் வரக்கூடாது என்று நான் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

நகரத்தில் ஒரு ஸ்டிக்கர் கடை இருந்தது. வண்டிகளின் கண்ணாடியில் வசனம் ஒட்டித் தருகிற கடையாகத்தான் அதை அறிந்திருந்தேன். அங்கே ஓர் இளைஞர், முழு வண்டிக்கும் ‘ரேப்’ சுற்றிக்கொண்டிருந்தார். வினைல் என்கிற மெல்லிய பிவிசி தாள். பசையையும் சேர்த்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கனம். சூடான காற்றை ஊதும் கருவியால் இளக்கி, வளைவுக்கேற்ப இழுத்து, தட்டையான ஒரு நெகிழித் துண்டால் தேய்த்துத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுகிறார்கள். பார்ப்பதற்கு அழகான வேலை. நல்ல வண்ணத்தின்மேல் ஒட்டினால், கல் தெறித்துக் கீறாமல் அந்தத் தாள் வண்ணத்தைக் காப்பாற்றும். சில ஆண்டுகள் கழித்து உரித்தால் அடியில் வண்ணம் புதிதாகவே இருக்கும். அதற்காகவே உண்டானது அது.

அந்த இளைஞர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஐயா, இதன்மேல் ஒட்டக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, வண்ணம் பூசி, அது நன்றாய்க் காய்ந்த பிறகு வாருங்கள். தாள் மெல்லியது, அடியில் இருக்கிற மேடு பள்ளம் எல்லாம் மேலே தெரியும். துரு மேல் பசை பிடிக்காது” என்றார்.

அவர் அதை இரண்டு முறை சொன்னார். நான்தான் வற்புறுத்தினேன். “மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள், தம்பி. திருமணம் வரை நின்றால் போதும்” என்றேன். வெள்ளை ஒட்டினால் மேடு பள்ளம் தெரியும் என்பதால் மங்கலான கறுப்பைத் தேர்ந்தெடுத்தோம். நான்கு சக்கரங்களின் மேலும் நான்கு விரல் அகலத்தில் கறுப்புப் பட்டை. முன்னிரண்டு வளைவுகளிலும் துரு கொஞ்சமாக இருந்ததால், அவர் அதை உலோகம் தெரியும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, மறுநாள்தான் ஒட்டினார். பின்னிரண்டையும் அப்படிச் செய்ய நேரம் இல்லை. சொல்லப்போனால் தேய்க்க அங்கே தகடும் இல்லை. உதிர்வதை உதிர்த்துவிட்டு, ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டிவிட்டார். ரசீது எழுதும்போது, “ஐயா, பின்னால் உள்ளதற்கு நான் பொறுப்பில்லை” என்றார். நான் சரி என்றேன்.

திருமணம் கர்த்தருடைய கிருபையால் நன்றாக நடந்தது. வண்டியைப் பார்த்தவர்கள், “ஐயா, புது மாடலா?” என்று கேட்டார்கள். பெரிய வண்டிகளுக்கு இப்படிக் கறுப்பு ஓரம் இருக்குமாம். நான் புன்னகைத்தேன். சொல் பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

வியப்பு என்னவென்றால், பட்டை திருமணத்தோடு விழுந்துவிடவில்லை. இரண்டு மழைக்காலங்களைத் தாங்கி நின்றது. ஓரத்தில் சிறிது சுருங்கியது. ஒரு மூலையில் மேலெழும்பியதை நானே சிறிது பசை போட்டு அழுத்திவிட்டேன். அதன்பின் நான் அதை மறந்தே போனேன். தினமும் கண்ணில் படுகிற கொப்புளம் மனிதனை உறுத்தும். மூடிய கொப்புளம் உறுத்துவதில்லை.

2024 ஏப்ரலில் இடமாற்றல் கடிதம் வந்தது. இங்கே சேகர வாகனம் இருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே காரை விற்க முடிவு செய்தோம். அறிவிப்புப் பலகையில் எழுதும் முன்பே உபதேசியாரின் மகன் வந்துவிட்டான். உபதேசியார் மரித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் உப்பு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். தாயாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மருத்துவமனை 20 கிலோமீட்டர் தூரம். போகும்போது பேருந்து, திரும்பும்போது பேருந்தில் நிற்க அவர்களுக்குப் பெலன் இருப்பதில்லை, ஆட்டோதான். அந்த ஆட்டோ செலவில் ஒரு காரின் தவணையைக் கட்டிவிடலாம் என்று அவன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

“எவ்வளவு ஐயா சொல்கிறீர்கள்?”

“ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று நினைத்தேன். நீ ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்த்துவிட்டுச் சொல், தம்பி.”

“உங்கள் வண்டியில் பார்ப்பதற்கு என்ன ஐயா இருக்கிறது?” என்றான். முன்பணமாகப் பத்தாயிரத்தை ஒரு காணிக்கைக் கவரில் வைத்து, இரண்டு கைகளாலும் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

மெக்கானிக்கைக் கூட்டிவரச் சொன்னேனே, அது போதாதா என்று என் மனம் எனக்காக வாதாடியது. விற்கிறவன் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சந்தையில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? பத்து வருடத்துக்கு மேலான வண்டியில் துரு இருக்கும் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாதா? வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரவு பத்து மணிக்கு ஒருவன் தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தால், அவன் வழக்கில் எங்கேயோ குறை இருக்கிறது.

அந்த வாரம் புதன்கிழமை வேதபாடத்துக்கு லேவியராகமம் 14 ஆம் அதிகாரம். ஓராண்டாக வரிசையாய் வாசித்து வந்ததில் அந்த இடத்துக்கு வந்திருந்தோம்; நான் தேடிப் போகவில்லை. அதன் பின்பாதியில் வீட்டுச் சுவரில் உண்டாகும் தோஷத்தைப்பற்றிய பிரமாணம் இருக்கிறது. நாம் பெரும்பாலும் தாண்டிவிடுகிற பகுதி. பச்சையாகவோ சிவப்பாகவோ குழிகள் தோன்றி, அவை சுவரின் மேற்பரப்பைவிட ஆழமாய் இறங்கியிருக்கிறதா என்று ஆசாரியன் பார்க்க வேண்டும். ஏழு நாள் வீட்டை அடைத்துவைத்து மறுபடியும் பார்க்க வேண்டும். பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, உட்புறம் முழுவதையும் சுரண்டி, சுரண்டிய மண்ணையும் வெளியே கொட்டி, வேறு கற்களை வைத்து, அதற்குப் பின்புதான் வேறு சாந்து பூச வேண்டும். மேஸ்திரி சொன்ன அதே வரிசை. வெட்டு, எடுத்துப் போடு, புதிது வை, பிறகு பூசு. பூச்சு கடைசியில்தான் வருகிறது.

பாம்பனில் சில காலம் ஊழியம் செய்தபோது, பழைய ரயில் பாலத்தில் வேலை செய்கிற தொழிலாளரை நான் பார்ப்பதுண்டு. 1914 இல் திறக்கப்பட்ட பாலம் அது. கடலின் நடுவே, எப்போதும் உப்புச் சாரலில் நிற்பது. அவர்கள் வண்ணத் தூரிகையைப் பிடித்திருக்கும் நேரத்தைவிடச் சுரண்டும் உளியையும் கம்பித் தூரிகையையும் பிடித்திருக்கும் நேரமே அதிகம். அந்தச் சலிப்பூட்டும் சுரண்டலினால்தான் அது நூறு ஆண்டுகளைத் தாண்டி நின்றது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரலில் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. சுரண்டினாலும் ஒரு நாள் முடிவு வரத்தான் செய்கிறது. ஆனாலும் எத்தனை தலைமுறைகள் அதன்மேல் அக்கரை போய்ச் சேர்ந்தன!

இந்தப் பிரமாணத்தில் என்னை நிறுத்தியது சுரண்டல் அல்ல. அது எப்படித் தொடங்குகிறது என்பதுதான். ஆசாரியன் வீடு வீடாய்ச் சோதனை போடுகிறதில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரன் தானே புறப்பட்டு வந்து, என் வீட்டில் தோஷம்போல் ஒன்று எனக்குத் தோன்றுகிறது என்று சொல்ல வேண்டும். ‘தோன்றுகிறது’ என்றால் போதும். அது தோஷம்தானா என்று தீர்ப்புச் செய்வது அவன் வேலை அல்ல. ஆனால் வந்து சொல்வது அவன் வேலை. அதற்குப் பின் ஒரு இரக்கமும் இருக்கிறது: ஆசாரியன் உள்ளே நுழையும் முன்பே வீட்டிலுள்ள தட்டுமுட்டுகளை வெளியே எடுத்துவைக்கச் சொல்கிறான், வீடு தீட்டென்று தீர்க்கப்பட்டாலும் பொருள்கள் அதோடு தீட்டாகாதபடிக்கு. இருபது வருடமாக ஆசாரியனின் இடத்தில் நின்று அந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறேன். அன்று நான் வீட்டுக்காரன்.

புதன்கிழமை பாடத்தை எப்படியோ நடத்திவிட்டேன். உபதேசியாரின் மகன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் அவனை நிறுத்தி, “தம்பி, வண்டியின் பின்சக்கரத்தில் அந்தக் கறுப்புப் பட்டைக்குக் கீழே துரு இருக்கிறது. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நாளை காலை மேஸ்திரியிடம் போய் உரித்துப் பார்ப்போம். அதுவரை உன் பணம் உன்னிடமே இருக்கட்டும்” என்று கவரைக் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை, உரித்துப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றான். முகம் மாறியிருந்தது. துருவுக்காக மட்டும் அந்த முகம் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மேஸ்திரி முன்சக்கரத்திலிருந்து தொடங்கினார். சூட்டுக்காற்றைக் காட்டி ஓரத்தை நகத்தால் கிளப்பினார். தாள் ஒரே நீளமாக, வாழை மட்டை நார்போல் உரிந்து வந்தது. அடியில் சாம்பல் நிறப் பிரைமர் பூசியபடியே இருந்தது. ஒரு புள்ளித் துரு இல்லை. “இதைச் செய்தவன் வேலைக்காரன்” என்றார் மேஸ்திரி. நான் அந்த ஸ்டிக்கர் கடை இளைஞரை நினைத்தேன்.

பின்சக்கரத்தில் தாள் வரும்போதே வண்ணமும் கூட வந்தது. வண்ணத்தோடு பழுப்பு ஏடுகள் வந்தன. தாளின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாய் நின்றது. ஏப்ரல் மாதம், மழை பெய்து எத்தனையோ வாரங்கள் ஆகியிருந்தன. ஈரம் சக்கரத்தின் பக்கமிருந்து, மடிப்பின் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது. நானோ வெளியே தாள் ஒட்டியிருந்தேன். உள்ளே வந்த நீர் ஆவியாகிப் போகவும் அந்தத் தாள் வழி விடவில்லை. மேஸ்திரி திருப்புளியை மெல்ல வைத்து அழுத்தினார். அது ஓசையின்றி உள்ளே போயிற்று. இடது பக்கத்தில் என் உள்ளங்கை நுழையும் அளவுக்குத் துளை. அரிப்பு அதோடு நிற்காமல், கதவின் கீழே ஓடுகிற படித்தகடு வரைக்கும் போயிருந்தது. வண்டி அடிபட்டால் உள்ளே இருப்பவர்களைத் தாங்க வேண்டிய பாகங்களில் அதுவும் ஒன்று என்றார்.

உபதேசியாரின் மகன் குனிந்து அந்தத் துளையைப் பார்த்தான். பின்னிருக்கையின் இடது பக்கத்தில்தான் அவன் தாயார் சாய்ந்து உட்காருவார்கள் என்பது எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். ஒருவரும் பேசவில்லை. மேஸ்திரி பீடி பற்றவைத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனார்.

“எப்போது தெரியும் ஐயா?” என்று கேட்டான்.

“ஒட்டின அன்றே தெரியும்” என்றேன்.

முன்பு பதினெட்டாயிரம் சொன்ன வேலைக்கு இப்போது முப்பத்தொன்றாயிரம் என்றார் மேஸ்திரி. அதை நான் கட்டுவதென்றும், வேலை முடிந்த பிறகு தம்பி வேறு ஒருவரைக் கூட்டிவந்து பார்த்து, விருப்பமிருந்தால் வாங்குவதென்றும், விலையில் இருபதாயிரம் குறைப்பதென்றும் பேசினோம். அவன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். வீட்டுக்கு வந்து என் துணைவியாரிடம் கணக்கைச் சொன்னபோது, அவர்கள், “அன்றைக்கே சொன்னேன்” என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

வேலைக்குப் பதினொரு நாள் பிடித்தது. அந்த நாட்களில் வண்டியில்லாமல் பேருந்தில் போய்வரும்போது 32 ஆம் சங்கீதம் என் மனதைவிட்டு அகலவில்லை. அதன் தொடக்கத்திலேயே பாவம் மூடப்பட்டவன் பாக்கியவான் என்கிறான் தாவீது. நாலு வசனம் கழித்து, நான் என் அக்கிரமத்தை மறைக்கவில்லை என்கிறான். தமிழில் இரண்டு சொற்கள்: ஒன்று மூடுதல், மற்றது மறைத்தல். எபிரெயத்தில் இரண்டும் ஒரே வினைவேர். நீதிமொழிகள் 28 இல், தன் பாவங்களை மறைக்கிறவனைக் குறித்துச் சொல்லும்போதும் அதே சொல்தான். ஆக, மூடுவது என்கிற செயலில் குற்றம் இல்லை போலும். தாவீது தன் கையை எடுத்துவிட்ட இடத்தில் தேவன் கையை வைக்கிறார். நடுவில், அவன் பேசாமலிருந்த நாட்களில் எலும்புகள் உலர்ந்துபோனதாகச் சொல்லுகிறான். எலும்புக்கு நேர்ந்ததைத்தான் நான் படித்தகட்டில் பார்த்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் என்னவாகும் என்ற கேள்வி இருந்தது. பக்கத்துச் சேகரத்துப் போதகர் தம் வண்டியைக் கொடுத்தார்; மூன்று முறை நானே அந்த அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வந்தேன். முதல் நாள் முழுவதும் இருவரும் பேசவில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். இரண்டாம் நாள் திரும்பி வரும்போது, பின்னிருக்கையில் சாய்ந்தபடியே, “ஐயா, என் கையைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்கள். சேலைத் தலைப்பை விலக்கி இடது முன்கையைக் காட்டினார்கள். டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக்குழாய்களை இணைத்திருந்த இடம் கயிற்று முடிச்சுப்போல் புடைத்திருந்தது. ஊசித் தழும்புகள் வரிசையாய் இருந்தன. ஞாயிறுதோறும் அவர்களுக்கு நற்கருணை கொடுக்கிற நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

“சபையில் எல்லாரும் கேட்பார்கள் என்று மூடிக்கொள்வேன். ஊசி போடுகிற பிள்ளையிடம் மட்டும் மூடுவதில்லை” என்றார்கள். பிறகு கண்களை மூடிக்கொண்டார்கள். வீடு வரும்வரை உறங்கினார்கள்.

அந்த அம்மா என்னைக் கண்டித்தார்களா, தேற்றினார்களா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. மூன்றாம் நாள் இறங்கும்போது, “அவனை வண்டியை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்” என்றார்கள்.

வேலை முடிந்து பார்க்கப் போனபோது வளைவுகள் வெள்ளையாகவே இருந்தன. புதுத்தகடு வைத்த இடத்தில் வண்ணம் சற்றே வேறுபட்டது. உற்றுப் பார்த்தால் தையல் போட்ட இடம் தெரியும். மடிப்பின் உள்ளே மெழுகு போன்ற ஒன்றைச் செலுத்தியிருந்தார் மேஸ்திரி. தம்பி வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவந்திருந்தான். அவர் வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். அவன் அவரோடு கூடவே கீழே படுத்துப் பார்த்தான். எனக்கு அது வலித்தது. ஆனாலும் அவன் அப்படிப் பார்த்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

“கல் தெறிக்காமலிருக்க மறுபடியும் ஸ்டிக்கர் ஒட்டலாமா?” என்று அவன் மேஸ்திரியைக் கேட்டான்.

“ஒட்டலாமே. ஒரு மாதம் போகட்டும், பெயின்ட் உள்ளே காய வேண்டும். ஒட்டினாலும் மழை பெய்து முடிந்ததும் உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவிவிடு. வருடத்துக்கு ஒருமுறை இங்கே கொண்டுவா, தட்டிப் பார்க்கிறேன்.”

அவன் ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மே மாதத்தில் நாங்கள் இங்கே வந்துவிட்டோம். இரண்டு மழைக்காலங்கள் போயின. கிறிஸ்துமசுக்கும் உயிர்ப்பின் பண்டிகைக்கும் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்வான். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று நான் கேட்பேன். வண்டியைப்பற்றி நானாகக் கேட்டதில்லை.

ரசீது கிடைத்த அதே நாள் மாலையில் அவனே அழைத்தான். “ஐயா, வலது பின்சக்கரத்தில் உள்பக்கம் ஒரு புள்ளி தெரிகிற மாதிரி இருக்கிறது. துருவா சேறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேஸ்திரியிடம் சனிக்கிழமை கொண்டுபோகிறேன். நீங்களும் வருகிறீர்களா?” என்றான்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே இந்தச் சனிக்கிழமை மாலை வாலிபர் கூட்டத்தை நம்முடைய சபைச் செயலாளர் நடத்துவார்.